சிறுவர் சயரோகத்தைக் கண்டறிந்த வரலாறு

சயரோகம், கசம், எலும்புருக்கி எனப் பல பெயர் பெற்ற காசநோயின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் வளர்ந்தோரின் வரலாற்றையே எழுதினர். இருமி இரத்தங் கக்கும் இளைஞன், சாளரத்தருகே சாய்ந்திருக்கும் மெலிந்த மங்கை, மலைச்சாரலில் அமைந்த ஆரோக்கிய நிலையம் ஆகியனவே அந்நோயின் பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன. பால்குடி மாறாத குழந்தையையும் அந்நோய் பற்றும் என்பது அவ்வரலாற்றில் ஓரடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறாருள் ஆண்டுதோறும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேரின் பெயர் எந்நாட்டுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வறுமையும் அறியாமையும் இதற்குக் காரணமென்பர். அவை மெய்யே. ஆயினும் அவற்றுக்கு முற்பட்ட காரணம் ஒன்றுண்டு. குழந்தைக்குச் சளி உமிழத் தெரியாது. இச்சிறு காரியமே நூறாண்டுக்கு மேலாக மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது.

1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இந்நோயை விளைவிக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை அறிவித்தார். அடுத்த ஆண்டுக்குள்ளாகவே சீல், நீல்சன் என்போர் அக்கிருமிக்குச் செந்நிறம் ஏற்றும் முறையை வகுத்தனர். அன்று தொட்டு நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவதே நோயை நிச்சயிக்கும் வழியாயிற்று. எளிய முறை, மலிவான முறை. நூற்றாண்டு கடந்தும் அது வழக்கொழியவில்லை. அதன் குறையோ பெரிது. ஒரு மில்லிலீற்றர் சளியில் 10,000 கிருமிகள் அளவிலேனும் இருந்தாலன்றி அவை கண்ணுக்கு அகப்படா. வளர்ந்தோரின் நுரையீரலில் நோய் குழிபறித்து வாழ்வதால் அவர்தம் சளியிற் கிருமிகள் மலிந்திருக்கும். குழந்தையிலோ நோய் பெரும்பாலும் நுரையீரலின் ஒரு சிறு பகுதியிலும், அதனையடுத்த நிணநீர்க் கணுக்களிலும் அடங்கிக் கிடக்கும். கிருமிகள் சிலவே. அச்சிலவும் இருமலோடு மேலெழுந்து வந்தால் குழந்தை அவற்றை விழுங்கிவிடும். கிருமியை முட்டை கலந்த ஊடகத்தில் வளர்த்துக் காண்பது நுணுக்குக்காட்டியினும் நுட்பமான முறை. ஆனால் அக்கிருமி மிக மெல்ல வளர்வது. ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு வாடுங் குழந்தைக்கு எட்டு வாரம் என்பது நீண்ட காலம்.

விழுங்கிய சளி எங்கே போகும்? இவ்வினாவை எழுப்பியவர் மெனியே என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1898இல் அவர், குழந்தையின் இரைப்பையிலிருந்தே சளியை எடுத்துச் சோதிக்கலாம் எனக் காட்டினார். இன்றளவும் பல மருத்துவமனைகளில் இம்முறையே கையாளப்படுகின்றது. குழந்தையை இரவு முழுவதும் பட்டினியிருத்தி, விடியற்காலையில் அது எழுந்து நடமாடுமுன், இரைப்பை வெறுமையாகுமுன், மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பர். ஒருநாளன்று, பெரும்பாலும் மூன்று நாள் தொடர்ந்து இவ்வாறு செய்தல் வேண்டும். அதற்காகத் தாயும் சேயும் மருத்துவமனையிலே தங்கவேண்டும். அம்மூன்று நாளும் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளை யார் பார்ப்பது, நாட்கூலியை யார் கொடுப்பது என்ற வினாக்கள் மருத்துவ நூல்களிற் காணப்படுவதில்லை. இவ்வளவு துன்பத்துக்குப் பின்னரும் நோயுள்ள குழந்தைகளிற் பாதிப்பேரிடத்துக்கூடக் கிருமி அகப்படாமற் போவதுண்டு.

நேரே கிருமியைக் காணவியலாத மருத்துவர் அதன் சுவட்டைத் தேடினர். கொக் 1890இல் ‘தியூபகுலின்’ என்னும் கிருமிச்சாற்றை நோய்க்கு மருந்தெனப் பெருமுழக்கத்தோடு வெளியிட்டார். மருந்தாக அது தோற்றது; பலருக்குத் தீங்கும் செய்தது. ஆனால் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் பொன் பிர்க்கே 1907இல் அதே சாற்றைத் தோலிற் கீறி இட்டால், கிருமி புகுந்த உடலில் தடிப்பு உண்டாகும் எனக் கண்டார். மறு ஆண்டிலே மந்தூ என்பவர் அதனை ஊசிமூலம் தோலினுட் செலுத்தும் முறையாகத் திருத்தினார். தோற்ற மருந்து வென்ற சோதனையாயிற்று. எனினும் தடிப்புத் தோன்றினால் உடலிற் கிருமி புகுந்தது என்றுதான் பொருள். நோய் உண்டு என்று பொருளன்று. பி.சி.ஜி. தடுப்பூசி பெற்ற குழந்தைக்கும் அத்தடிப்பு உண்டாகலாம். இலங்கையில் 1949 முதல் அத்தடுப்பூசி வழங்கப்பட்டு வருகின்றது. இன்று இங்கு பிறக்கும் குழந்தைகளுள் அதனைப் பெறாதார் மிகச் சிலரே. ஆதலின் தோற்சோதனையைப் பொருள்கொள்வதில் நம் நாட்டு மருத்துவர் மிக்க அவதானத்தோடு இருக்கவேண்டியவராயினர். எக்ஸ் கதிர்ப் படமும் உதவிற்று. ஆனால் குழந்தையின் நெஞ்சுப் படத்திற் காணும் நிழலைக் கணுவின் வீக்கம் என்று ஒருவர் கூற, வேறொருவர் அஃது ஒன்றுமில்லை என்பார்.

ஊகத்தால் நோயை நிச்சயிப்பதன் இடர் குழந்தைகளோடு நிற்பதன்று. கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது சயரோகி எனவே கருதப்பட்டார். 1917இல் மெண்டிப் குன்றுகளிலுள்ள ஆரோக்கிய நிலையத்தில் அவர் தங்கினார். அதனை நடாத்தியவர் தமிழகத்தவரான டாக்டர் டேவிட் சௌரி முத்து. அம்மருத்துவரே பின்னர்த் தாயகம் திரும்பி, 1928இல் சென்னைக்கருகில் தாம்பரத்திலே ஆரோக்கிய நிலையமொன்றை நிறுவினார். இராமானுஜன் 1920இல் மறைந்தார். அவரைப் பீடித்தது காசமன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாதல் கூடும் என டி. ஏ. பி. யங் என்பவர் 1994இல் ஏடுகளை ஆராய்ந்து வாதிட்டார். பேரறிஞர் ஒருவரின் நோயே இவ்வாறு ஐயத்திற்குரியதெனின், பேசத் தெரியாத சேயின் நோயைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை.

சென்னையைக் குறிப்பிட்டோம். காசநோய் வரலாற்றில் அந்நகருக்குத் தனியிடம் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் ஒன்றுகூடி அங்கு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தன. வல்லஸ் பொக்ஸ் என்பார் அதன் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 193 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றோரைத் தத்தம் ஏழை இல்லங்களிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். ஆண்டிறுதியில் நிலையத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டிலிருந்தோருள் 86 பேரும் நோயடங்கப் பெற்றனர். 1959இல் இம்முடிவு வெளிவந்ததும் உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்களின் காலம் முடியத் தொடங்கிற்று. வீட்டிலே நோயாளி தங்குவதால் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்து மிகாதோ என்ற கேள்வி எழுந்தது. உடனுறைவோரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது, சிகிச்சை வீட்டில் நடந்ததால் அவர்களுக்கு ஆபத்து மிகவில்லை என்பது புலனாயிற்று. நோய் அறியப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முன்னரே பெரும்பகுதி தொற்று நேர்ந்துவிடுகின்றது. காலந்தாழ்த்தாது நோயை அறிதலே குழந்தையைக் காக்கும் வழி என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமா? ஆயினும் இவ்வாய்விற் சேர்க்கப்பட்டோர் யாவர் என நோக்குக. சளியிற் கிருமி காணப்பட்டோரே அவர். குழந்தை அவ்வாய்வில் உடனுறைவோனாகத் தோன்றிற்றேயன்றி நோயாளியாகத் தோன்றவில்லை.

குழந்தை நோயாளியாகத் தோன்றிய இடம் எழும்பூர். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து, சென்னை ஆய்வு நிலையத்தார் மூளையுறைக் காசநோயுற்ற 180 குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, அதன் பெறுபேற்றை 1986இல் வெளியிட்டனர். அக்காலத்துச் சிறந்த மருந்தாகிய றிபாம்பிசின் கொடுத்தும் நூற்றுக்கு 27 குழந்தைகள் இறந்தனர். 39 குழந்தைகள் உயிர் பிழைத்தும் நரம்புக் குறைபாட்டோடு எஞ்சினர். 34 குழந்தைகளே முற்றாகக் குணமடைந்தனர். நோயின் முதற்படியில் வந்தோருள் இறந்தோர் குறைவு. நினைவிழந்த நிலையில் வந்தோருள் மிகுதி. இவ்வெண்களை நான் முதன்முதல் வாசித்தபோது அவற்றைக் கடந்து அடுத்த பக்கத்துக்குச் செல்ல இயலவில்லை. மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தனர், இல்லாதிருந்தது சில வாரங்களே. சுவீடன் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்விட் வால்கிரன் 1948இலேயே எச்சரித்திருந்தார்: தொற்று நேர்ந்து சில மாதங்களுக்குள்ளேயே மூளையுறை நோய் தோன்றும் என்று. மருந்துகள் தோன்றாக் காலத்துக் குறிப்புகளைப் பிற்காலத்தார் தொகுத்து நோக்கியபோது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றினால் ஏறத்தாழ இருவரில் ஒருவர் நோயுறுவர் எனக் கண்டனர்.

இவ்வளவும் அறிந்திருந்தும் குழந்தைகள் ஏன் ஒதுக்கப்பட்டனர்? 1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக நெருக்கடி எனப் பிரகடனஞ் செய்தது. அதனைத் தொடர்ந்து வகுக்கப்பெற்ற திட்டம், சளியிற் கிருமியுள்ளோரைக் கண்டுபிடித்து நேர்முகமாக மருந்து உட்கொள்ளச் செய்வதாகும். பிறருக்கு நோயைப் பரப்புவோர் அவரே. ஆதலின் அவரைக் குணப்படுத்தினாற் பரவுதல் நிற்கும். நியாயம் பிழையன்று. கோடிக்கணக்கானோர் அதனாற் பிழைத்தனர். ஆனால் குழந்தை பிறருக்கு நோயைப் பரப்புவது அரிது. பரப்பாத நோயாளி கணக்கில் முதன்மை பெறவில்லை. தன் நோயால் ஊருக்கு ஆபத்தில்லை என்ற ஒரே காரணத்தால் குழந்தை பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது என்பது என் துணிபு.

இனி இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வருவோம். கிருமியை வளர்க்கவும் வேண்டாம், காணவும் வேண்டாம். அதன் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யின் ஒரு துண்டு அகப்பட்டாற் போதும், அதனைப் பன்மடங்காகப் பெருக்கி அறியலாம் என்பதே புதிய சோதனையின் அடிப்படை. கறி மலிஸ் என்னும் அமெரிக்கர் 1983இல் கருதிக் கண்ட பொலிமரேசு சங்கிலித் தாக்கம் இதற்கு மூலம். அதற்காக 1993இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடியாகும் பெருக்கம் அது. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்மணியை இரட்டித்துக் கேட்ட புலவனின் கதையை வகுப்பிற் சொல்லி இதனை விளக்கினால் மாணவர் எளிதில் உணர்வர். 1996இல் சஞ்சய் தியாகி, பிரெட் கிறேமர் என்னும் இருவர், தமக்குரிய துண்டைத் தழுவினால் மட்டும் ஒளிவிடும் நுண்ணிய மூலக்கூறுகளை அமைத்தனர்.

இவ்விரண்டையும் ஒருங்கிணைத்து எழுந்ததே ‘ஜீன்எக்ஸ்பேட்’ எனப்படும் கருவி. சளியோடு ஒரு கரைசலைச் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாத்திக்குப் பேழையில் ஊற்றிக் கருவியிற் செருகிவிட்டால், எஞ்சிய யாவும் அப்பேழைக்குள்ளேயே நிகழும். வடி ஒன்றிற் கிருமிகள் தங்கும், செவிக்கெட்டா ஒலியலை அவற்றை உடைக்கும், வெளிப்பட்ட டி.என்.ஏ. பெருக்கப்படும். பெருக்குவதற்குத் தெரிந்தெடுத்த பகுதி மிக விவேகமானது. றிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி எதிர்ப்புப் பெறுவது பெரும்பாலும் 81 எழுத்துக்கொண்ட ஒரு சிறு பகுதியில் நேரும் மாற்றத்தாலேயே. ஐந்து ஒளிமூலக்கூறுகள் அப்பகுதியைப் பங்கிட்டு நிற்கும். ஐந்தும் ஒளிவிட்டால், கிருமி உண்டு, மருந்துக்கு அடங்கும். ஒன்று ஒளிவிடத் தவறினால், கிருமி உண்டு, மருந்துக்கு அடங்காது. இரண்டு மணி நேரத்துக்குள் விடை கிடைக்கும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதனை அங்கீகரித்தது. 2013இற் குழந்தைகளுக்கும் விதந்துரைத்தது. நுணுக்குக்காட்டிக்குப் பதினாயிரம் கிருமி வேண்டியிருக்க, இதற்கு மில்லிலீற்றருக்கு நூற்றுச் சொச்சமே போதும். 2017இல் வந்த ‘அல்ட்ரா’ என்னும் திருத்திய பேழைக்கு ஏறத்தாழப் பதினாறே போதும்.

குழந்தைகளிடத்து இதன் பயன் யாது? தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரிலே 452 குழந்தைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கை, கிருமி வளர்ப்பினால் நிச்சயிக்கப்பட்ட நோயாளருள் நுணுக்குக்காட்டி நூற்றுக்கு 38 பேரையும், புதிய சோதனையை இருமுறை செய்தால் 76 பேரையும் காட்டும் என்றது. இரட்டிப்பு உண்மை, நான்கில் ஒருவர் தப்பிவிடுவதும் உண்மை. இந்தியாவில் சென்னை, டெல்லி, ஐதராபாத், கொல்கத்தா என்னும் நான்கு நகரங்களில் 2014 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8,370 சிறார் இச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். எடுக்கப்பட்ட மாதிரிகளுள் ஏறத்தாழப் பாதி சளியன்று. இரைப்பை நீர், முள்ளந்தண்டு நீர், கணுவிலிருந்து எடுத்த நீர் முதலியன. நோயுண்டெனச் சந்தேகிக்கப்பட்ட 8,143 பேருள் 517 பேருக்குக் கிருமி உறுதியாயிற்று. நுணுக்குக்காட்டி கண்டதைப்போல் இஃது இருமடங்கு. அன்றியும் 60 சிறாரிடத்து றிபாம்பிசினுக்கு அடங்காத கிருமி காணப்பட்டது. பழைய முறையில் இவ்வறுபது பேரும், வழமையான மருந்தை மாதக்கணக்கில் உண்டு, குணங்காணாது, அதன் பின்னரே வேறு வழி தேடியிருப்பர். சென்னையின் பழைய சிகிச்சை நிலையம் 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவகம் எனப் பெயர் பெற்றது. அதன் பணிப்பாளராய் இருந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன் குழந்தை மருத்துவராதலும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

விலையைப்பற்றி ஒரு சொல். 2012இல் பேழையொன்றின் விலை வறிய நாடுகளுக்கு 9 டொலர் 98 சதமாகக் குறைக்கப்பட்டது. 2023இல் அது மேலுங் குறைந்து 8 டொலருக்குச் சற்றுக் கீழே வந்தது. கருவிக்குத் தடையிலா மின்சாரமும் தூசற்ற குளிர்ந்த அறையும் வேண்டும். கோவாவில் ஆக்கப்படும் ‘ட்ரூநாட்’ என்னும் கருவி மின்கலத்தால் இயங்குவது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதனையும் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டு நிலையையும் சிறிது நோக்குவோம். கொள்ளைநோய்க் காலந் தவிர்ந்த அண்மை ஆண்டுகளில் இலங்கையில் ஆண்டுக்கு 8,000 முதல் 9,000 வரையான காசநோயாளர் பதியப்படுகின்றனர். தேசிய ஆய்வுகூடம் வெலிசறையில் உள்ளது, மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு, மருந்து இலவசம். பதியப்படுவோருட் சிறார் மிகச் சிறு தொகையினர். தடுப்பூசியின் பயனென்று இதனைக் கொண்டாடலாம். கண்டுபிடிக்காமையின் விளைவு இதிற் கலந்துள்ளதோ என ஐயுறவும் இடமுண்டு. இரண்டுமே பொருந்தும் என நான் எண்ணுகின்றேன்.

புத்தளம் நகரையடுத்த தில்லையடியை அறிந்தோர்க்கு இவ்வையம் வெறும் ஏட்டு ஐயமன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலானோர் இக்கரையோரத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கிடுகு வேய்ந்த சிறு குடில்களில், ஓரறையிற் பாட்டனும் பேரனும் ஒருசேர உறங்கினர். காசநோய்க் கிருமி தும்மலிலும் இருமலிலும் எழும் நுண்துளிகளில் மிதந்து, காற்றோட்டமில்லா அறையில் மணிக்கணக்கில் தங்கும் இயல்பினது. முதியவரின் நாட்பட்ட இருமலைப் புகைத்தலால் வந்ததென்று எண்ணியிருக்கும் வீட்டில், முதலிற் கிருமியை ஏற்பது மடியிலிருக்கும் குழந்தையே. குடில்கள் கல்வீடுகளாகி நெடுங்காலமாயிற்று. எனினும் ஓரறையிற் பலர் உறங்கும் வழக்கம் எங்கும் ஒழிந்துவிடவில்லை. வகுப்பறையில் நிற்போர் கவனிக்கத்தக்க குறிகள் எளியன: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணந் தெரியாக் காய்ச்சல், வளரவேண்டிய வயதில் நிறை ஏறாமை, விளையாட்டிற் சோர்வு, வீட்டிலே ஒருவருக்குக் காசம். இவற்றுள் ஒன்றைக் கண்டு பெற்றோரிடங் கூறப் புகுந்தால், ‘எங்கள் குடும்பத்தில் அந்த நோய் இல்லை, சேர்’ என்னும் விடையே முதலில் வரும். அதனைக் கேட்டு அவ்வளவோடு விட்டுவிடுதல் எளிது. நானும் ஒருமுறை அவ்வாறு விட்டுவிட்டேன். அப்பிள்ளை இரண்டு தவணைக்குப் பின்னரே வேறொருவர் தூண்டுதலால் மருத்துவரிடஞ் சென்றான், குணமுமடைந்தான்.

மெனியே கேட்ட கேள்வியின் எஞ்சிய பாதிக்கு அண்மையிலேதான் விடை கிடைத்தது. விழுங்கிய சளி இரைப்பையோடு நின்றுவிடுவதில்லையே. குடல் வழியே சென்று மலத்தோடு வெளியேறும். கிருமியின் டி.என்.ஏ. அவ்வழியையுங் கடந்து எஞ்சும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தையின் மலத்தையும் இச்சோதனைக்கு உரிய மாதிரியாக ஏற்றுக்கொண்டது. எதியோப்பியாவில் செய்து தேர்ந்த எளிய முறையொன்றின்படி, பெரும் உபகரணமெதுவுமின்றி, மலத்திற் சிறிது எடுத்துக் கரைசலிற் கலக்கிச் சற்று நேரம் தெளியவைத்து, மேல்நீரைப் பேழையில் இடலாம். மூக்கிற் குழாயில்லை, பட்டினியில்லை, மூன்று நாள் மருத்துவமனை வாசமில்லை. தாயே வீட்டிலிருந்து சிறு போத்தலிற் கொண்டுவந்து கொடுக்கலாம்.

கருவி ‘கிருமி இல்லை’ என்றால் நோயில்லை என முடிவுசெய்யலாமா? கூடாது. குழந்தையின் மாதிரியிற் கிருமி அகப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதை உணர்ந்தே, 2022இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, குறிகளுக்கும் படத்திற்கும் புள்ளியிட்டுக் கூட்டி, குறித்த எண்ணை எட்டினால் மருந்து தொடங்கலாம் என வகுத்துள்ளது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, ஆபிரிக்க நாடுகள் மூன்றிலும் இந்தியாவிலுமாக 1,204 சிறாரைக் கொண்டு நிகழ்த்தப்பட்டது. கடுமையற்ற நோயுடைய குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்துக்குப் பதிலாக நான்கு மாத மருந்தே போதுமென அது காட்டிற்று. அவ்வாய்விற் பங்குகொண்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று.